ஸ்நேக் ஷாட் தனியாக அடித்தால் விழுகிறது, மேட்சில் ஏன் விழுவதில்லை?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: தக்கலையிலிருந்து ஒரு தம்பி டேபிள் ஃபுட்பாலில் (கம்பிகளில் கோத்த பொம்மைகளை ஆட்டிப் பந்தடிக்கிற மேசை ஆட்டம்) ஸ்நேக் ஷாட் பழகுகிறார், தனியாக அடித்தால் பந்து உள்ளே போகிறது, எதிரே ஒரு ஆள் வந்து கோல்கீப்பர் கம்பியைப் பிடித்துவிட்டால் எதுவும் போவதில்லை, பொங்கல் விளையாட்டு விழாவில் போட்டி வைத்திருக்கிறார்கள், அதற்குள் இது தேறுமா இல்லை பழைய புல் ஷாட்டுக்கே (பந்தைத் தன் பக்கமாக இழுத்து அடிப்பது) திரும்பிவிடலாமா என்று கேட்கிறார்.

திரும்ப வேண்டாம் தம்பி. ஆனால் நீங்கள் பழகிக்கொண்டிருப்பது ஸ்நேக் ஷாட்டில் பாதிதான், அதுவும் சுலபமான பாதி. அடிப்பது கொஞ்ச நாளில் எல்லாருக்கும் வந்துவிடும். பந்தைக் காலடியில் பிடித்து வைத்துக்கொண்டு, எதிராளியின் பொம்மைகளைப் பார்த்துக்கொண்டு, அவசரப்படாமல் நிற்பது இருக்கிறதே, அதை யாரும் பழகுவதில்லை. மேட்சில் கோல் விழுவதும் விழாததும் அங்கேதான் முடிவாகிறது.

நான் கருங்கல் பக்கம். குழித்துறையில் ரயில் ஏறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் வருகிற கூட்டத்தில் நானும் ஒருவன். ஆபீசில் ஒரு நல்ல டேபிள், ஊரில் பங்கு இளைஞர் இயக்க ஹாலில் கல்ஃபிலிருந்து திரும்பிய அண்ணன் ஒருவர் வாங்கிப் போட்ட டேபிள் ஒன்று, இரண்டிலும் ஆடுகிறேன். அதனால் ஒரே ஷாட் நல்ல டேபிளில் எப்படி இருக்கும், சுமாரான டேபிளில் எப்படிச் சொதப்பும் என்று இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

ஷாட் என்னவென்றே தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்கு முதலில் கொஞ்சம். மூன்று பொம்மைகள் இருக்கிற முன் கம்பியில், நடு பொம்மையின் கால் நுனியைப் பந்தின் மேல், கோல் இருக்கும் பக்கத்திலிருந்து அழுத்தி வைக்க வேண்டும். இதற்குப் பெயர் ஃப்ரன்ட் பின், சுருக்கமாக 'பின்' (pin). பந்து காலுக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், கம்பியை இழுத்தால் கூடவே இந்தப் பக்கம் வரும், தள்ளினால் அந்தப் பக்கம் போகும். அப்படி மெதுவாக இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டே இருந்துவிட்டு, சட்டென்று ஒரு பக்கம் நகர்த்தி விட வேண்டும். பொம்மை பந்தை விட்டு முன்னால் எழும்பி, தலைக்கு மேலாகச் சுற்றிப் பின்னால் இறங்கி, கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று முடிகிற இடத்தில் பந்தைப் பின்னாலிருந்து அடிக்கும். ரோல்ஓவர் என்றும் சொல்வார்கள்.

கைப்பிடியை இதற்கு யாரும் இறுக்கிப் பிடிப்பதில்லை. மணிக்கட்டின் உள்பக்கத்தைக் கைப்பிடியோடு ஒட்டி வைத்தால் போதும், விரல்கள் சும்மா தளர்ந்து கிடக்கும். அடிக்கிற நேரத்தில் கையை மேலே தூக்கினால் கைப்பிடி மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை வழியாக விரல்களுக்கு உருண்டு வரும், நம் கடலோரத்தில் கயிறு திரிக்கிறவர்கள் நாரை உள்ளங்கையில் வைத்து உருட்டுகிற மாதிரி. உருண்டு வந்ததும் விரல்கள் மூடிப் பிடித்து நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் கம்பி தன்பாட்டுக்குச் சுற்றும், அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும்.

ஊர்ப் போட்டி என்றால் அந்தச் சண்டை வந்தே தீரும். "லேய், அவன் கறக்கி அடிக்கான், கோல் செல்லாது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். கம்பியைச் சுற்றிவிட்டு அடிப்பது தப்பு என்பது சரிதான், ஆனால் எவ்வளவு சுற்றினால் தப்பு என்று விதியில் தெளிவாகவே இருக்கிறது. 2002-ல் தொடங்கிய சர்வதேச டேபிள் சாக்கர் கூட்டமைப்பின் விதிப்படி, பந்தை அடிப்பதற்கு முன்னாலோ அடித்த பின்னாலோ பொம்மை 360 டிகிரிக்கு மேல் சுற்றினால்தான் அது ஸ்பின். முன்னால் சுற்றியதையும் பின்னால் சுற்றியதையும் கூட்டிக் கணக்குப் பார்க்கக் கூடாது, இரண்டும் தனித்தனி. ஸ்நேக் ஷாட்டில் பொம்மை பந்தின் முன்பக்கத்தில் தொடங்கிப் பின்பக்கத்தில் முடிப்பதால் அடிப்பதற்கு முன் ஒரு முழுச் சுற்று ஆவதே இல்லை. அடித்த பிறகு நீங்கள் விரலை மூடி நிறுத்தினால் அங்கேயும் பிரச்சினை இல்லை. ஆகவே போட்டி நடத்துகிற அண்ணன்மாரிடம் முதல் ஆட்டத்துக்கு முன்பே போய் ஒரு தடவை மெதுவாகச் செய்து காட்டி, இது செல்லும் என்று ஒத்துக்கொள்ள வைத்துவிடுங்கள். கோல் விழுந்த பிறகு விளக்கம் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நம் ஊர் உங்களுக்குத் தெரியும்.

சரி, மேட்சில் ஏன் விழவில்லை?

இந்த ஷாட் அடிக்கிறவர்கள் கோலை ஐந்து ஓட்டைகளாகப் பிரித்துப் பேசுவார்கள்: நேர் நடு, அதற்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் தள்ளி ஒவ்வொன்று, இரண்டு ஓரமும் ஒவ்வொன்று. தடுக்கிறவரிடம் இரண்டு கம்பிகள் இருந்தாலும் கோலுக்கு முன்னால் ஒரு நேரத்தில் நிறுத்த முடிவது இரண்டு பொம்மைகளைத்தான். அப்படியானால் எந்த நிமிஷம் பார்த்தாலும் இரண்டு மூன்று ஓட்டைகள் திறந்தே இருக்கும். புல் ஷாட்டில் பந்தை உங்கள் பக்கமாக இழுத்துத்தான் அடிக்க முடியும், புஷ் ஷாட் அதற்கு நேர் எதிர். ஸ்நேக்கில் மட்டும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் போகலாம். அதன் மதிப்பே இதுதான். வேகம் இரண்டாம் பட்சம், நல்ல புல் ஷாட் அடிக்கிறவன் இதைவிட வேகமாகவே அடிப்பான்.

ஆனால் தனியாகப் பழகும்போது நாம் என்ன செய்கிறோம்? எதிரே ஆளில்லை, எந்த ஓட்டை என்று மனசுக்குள் முதலிலேயே முடிவு செய்துவிட்டு அடிக்கிறோம், பெரும்பாலும் ஓரத்துக்கு, ஏனென்றால் பந்து மூலையில் போய் 'டக்' என்று விழுகிற சத்தம் கேட்க நன்றாக இருக்கிறது. அதே பழக்கத்தோடு மேட்சுக்குப் போனால் கண் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், கை ஏற்கெனவே முடிவு செய்த இடத்துக்குப் போகும், தடுக்கிறவர் அங்கேயே நிற்பார். இரண்டு பக்கமும் போகக்கூடிய ஷாட்டை ஒரு பக்கம் மட்டுமே போகிற ஷாட்டாக நாமே ஆக்கிவிடுகிறோம், அதற்குப் பேசாமல் புல் ஷாட்டே அடிக்கலாம்.

கண் பந்தில் இருக்கக் கூடாது. இதைச் சொல்வது சுலபம், ஆனால் 'பின்' உறுதியாக இருக்கிறது என்று கைக்கே தெரிந்தால்தான் கண்ணை எடுக்க முடியும். அதனால் முதலில் கோலே அடிக்காமல் 'பின்' மட்டும் பழகுங்கள். பந்தை அழுத்திப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டே எதிரே சுவரில் தொங்குகிற காலண்டரைப் படியுங்கள், பக்கத்தில் நிற்பவரோடு பேசுங்கள். பந்து நழுவினால் திரும்ப ஆரம்பியுங்கள். ரொம்ப அழுத்தினால் பந்து பிதுங்கி ஓடும், லேசாக வைத்தால் ஆட்டும்போது பின்தங்கிவிடும், இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு இருக்கிறது, அதைக் கைதான் கண்டுபிடிக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். இருக்கட்டும்.

அடுத்தது, பந்து கோணலாகப் போவது. நகர்த்திவிட்டுக் காலை எடுத்த அந்தக் கணத்தில் பந்தை யாரும் பிடித்திருக்கவில்லை என்பதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. பந்து தானாக ஓரத்தை நோக்கி உருண்டுகொண்டிருக்கிறது, பொம்மை மேலே சுற்றி வந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கம்பியும் அதே வேகத்தில் பக்கவாட்டில் கூடவே போனால் மட்டுமே கால் பந்தின் நடுவில் படும். கையைத் தூக்குகிற அவசரத்தில் பக்கவாட்டு ஓட்டத்தை நிறுத்திவிட்டால் பந்து முன்னால் ஓடிவிடும், காலின் ஓரம் பட்டுக் கோல் கம்பத்துக்கு வெளியே போகும். எதிரே ஆள் இருக்கும்போது இது அதிகமாக நடக்கும், காரணம் பயம்தான், சீக்கிரம் அடித்துவிட வேண்டும் என்று சுழற்சி முதலில் ஆரம்பித்துவிடுகிறது. இதற்கு மருந்து, நேர் நடுவில் நகர்த்தாமலே அடிக்கப் பழகுவது, பிறகு ஒரு பந்து அகலம் தள்ளி, அது பிசகாமல் வந்த பிறகு ஓரம். பந்தின் குறுக்களவு ஏறக்குறைய 35 மில்லிமீட்டர்தான், ஒரு பந்து அகலம் என்பது பெரிய தூரமில்லை, ஆனால் ஒரு பொம்மையைத் தாண்ட அது போதும்.

மூன்றாவது, தாளம். ஆட்டி ஆட்டி எப்போதும் மூன்றாவது தடவை ஆட்டும்போது அடிக்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா என்று யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள். இருந்தால் நன்றாகத் தடுக்கிற ஆள் அதை ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். சிலருக்கு அடிப்பதற்கு முன் தோள் ஏறும், சிலர் மூச்சைப் பிடிப்பார்கள், எங்கள் ஹாலில் ஒருவர் நாக்கைக் கடிப்பார், அவருக்கு எதிராக ஆடும்போது பந்தைப் பார்க்கவே வேண்டாம். ஒரு தடவை 'பின்' விழுந்த உடனே அடியுங்கள், இன்னொரு தடவை நன்றாகக் காக்க வைத்து அடியுங்கள். ஆனால் கடிகாரமும் ஓடுகிறது, நேர வரம்பு உண்டு. 15 விநாடிக்குள் முடிக்கிற மாதிரி ஃபோனில் டைமர் வைத்துப் பழகினால் மேட்சில் பதற்றம் வராது.

தடுக்கிறவரும் சும்மா நிற்க மாட்டார். ஒரு ஓரத்தை வேண்டுமென்றே திறந்து காட்டுவார், நீங்கள் கிளம்பிய உடனே மூடுவார். அதனால் ஆட்டத்தின் ஆரம்பத்தில் கோல் விழுகிறதோ இல்லையோ நேர் நடுவில் ஒன்று அடித்துப் பாருங்கள், அவர் எந்தப் பக்கம் துள்ளுகிறார் என்பது தெரியும். நடுவில் அடிப்பதற்கு நகர்த்த வேண்டியதில்லை, எனவே அதுதான் மிகச் சீக்கிரம் போய்ச் சேரும் ஷாட். நடுவில் ஒன்று விழுந்துவிட்டால் அவர் நடுவை விட்டு நகரத் தயங்குவார், அப்புறம் ஓரம் தானாகத் திறக்கும்.

அமெரிக்காவின் டோனி ஸ்ப்ரெடிமேன் ஆடுகிற வீடியோக்கள் யூடியூபில் நிறையக் கிடக்கின்றன, வேகத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள். கோலைப் பார்க்காதீர்கள், அடிப்பதற்கு முன் அவர் எவ்வளவு நேரம் ஒன்றும் செய்யாமல் நிற்கிறார் என்று பாருங்கள். புல் ஷாட்டைப் பார்க்க வேண்டுமானால் டாட் லொஃப்ரெடோ. பெல்ஜியத்தின் ஃப்ரெடெரிக் கொலின்யோன் ஆட்டத்தையும் விடாதீர்கள், டேபிள் மாறினாலும் அதற்கேற்ப ஆட்டத்தை மாற்றிக்கொள்வதில் அவர் வேறு ரகம்.

டேபிள் என்றதும் முக்கியமான விஷயம். டொர்னாடோ கம்பெனி டேபிளில் பொம்மையின் தலைப்பக்கமும் கால்பக்கமும் எடை சமம், எந்தக் கோணத்தில் விட்டாலும் அப்படியே நிற்கும், கால் நுனியும் பந்தைப் பிடிக்கிற மாதிரி இருக்கும். நம் பக்கத்துக் கடைகளில் கிடைக்கிற சாதாரண டேபிளில் பொம்மையின் கால் மொழுமொழு என்று இருக்கும், பந்தும் வழவழப்பான கெட்டி பிளாஸ்டிக், 'பின்' நிற்கவே நிற்காது. பந்தை நைசான உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால் கொஞ்சம் பிடிப்பு வரும் (சொந்தப் பந்தை மட்டும்). கைப்பிடிக்கு டென்னிஸ் ராக்கெட்டுக்குச் சுற்றுகிற கிரிப் டேப் போதும், நம் ஊர் வேர்வைக்கு அது இல்லாமல் மணிக்கட்டு வழுக்கும். கடல் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், துடைத்துவிட்டு சிலிகான் எண்ணெய் ஒரு சொட்டு விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஊரில் எதற்கெடுத்தாலும் அதைத்தான் எடுத்து வருவார்கள், இரண்டு நாள் வழுக்கும், பிறகு தூசியோடு சேர்ந்து பசை மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று, பந்து முன் கம்பிக்கு வந்தால்தானே ஸ்நேக் எல்லாம். நடுவில் ஐந்து பொம்மைகள் இருக்கிற கம்பியில் பந்தை 10 விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அங்கே 'பின்' செய்து நிறுத்திய பந்தை அப்படியே முன் கம்பிக்குப் பாஸ் செய்யவும் கூடாது. பழகுகிற நேரத்தில் பாதியை இந்தப் பாஸுக்கு ஒதுக்குங்கள். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு ஷாட்டை நிறுத்திவிட்டுப் பாஸ் மட்டும் பழகலாம்.

பொங்கல் போட்டிக்கு எந்த டேபிள் போடுகிறார்கள் என்று இப்போதே விசாரித்து, முடிந்தால் ஒரு சாயங்காலம் போய் 'பின்' நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் ஸ்நேக். நிற்காத டேபிள் என்றால் அந்த ஒரு போட்டிக்கு மட்டும் புல் ஷாட் அடியுங்கள், எதிராளிக்கும் அதே டேபிள்தான்.