படித்த ஆங்கிலச் சொற்கள் பேச்சில் வரவில்லையா? சுற்றுச்சூழல், பண்பாடு ஆகிய தலைப்புகள் வழியே ஒரு பயிற்சி முறை

கேள்வி: ஆங்கிலத் தேர்வுக்காகச் சுற்றுச்சூழல், பண்பாடு ஆகிய தலைப்புகளில் ஏராளமான சொற்களை எழுதிவைத்து மனப்பாடம் செய்திருக்கிறேன். கட்டுரையில் பார்த்தால் பொருள் புரிகிறது. ஆனால் நானே பேசவோ எழுதவோ தொடங்கினால் அவை நினைவுக்கு வருவதில்லை. வந்தாலும் வாக்கியம் பிழையாகிவிடுகிறது. எப்படிப் படித்தால் இவை என் பயன்பாட்டுக்கு வரும்?

பதில்: உங்கள் நினைவாற்றலில் குறை ஏதும் இல்லை. ஒரு சொல்லைப் பார்த்ததும் பொருளை உணர்வது ஒரு திறன். தேவைப்படும் நொடியில் அதை எடுத்து வாக்கியத்தில் வைப்பது வேறொரு திறன். முதலாவது வாசிப்பால் வளரும். இரண்டாவது, பக்கத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பார்ப்பதாலும் எழுதிப் பார்ப்பதாலும் மட்டுமே வளரும். இதுபோன்ற தலைப்புகளில் சொல் சேர்ப்பவர்களின் குறிப்பேடுகளில் பொதுவாக 'பொல்யூஷன்', 'டிஃபாரஸ்டேஷன்', 'பயோடைவர்சிட்டி', 'ஹெரிட்டேஜ்', 'டிரடிஷன்' எனப் பெயர்ச்சொற்களே நிறைந்திருக்கும். பெயர்ச்சொல் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை மட்டும்தான் சொல்லும். வாக்கியத்தை நடத்திச் செல்பவை வினைச்சொல்லும், அதனுடன் வரும் 'டு', 'ஆன்', 'ஃப்ரம்' போன்ற முன்னிடைச் சொற்களுமே. ஆகவே என் முதல் ஆலோசனை, பெயர்ச்சொல் சேர்ப்பதைச் சில வாரங்களுக்கு நிறுத்திவிட்டு, ஏற்கெனவே தெரிந்த பெயர்களுக்கு உரிய வினைகளைச் சேர்க்கத் தொடங்குங்கள் என்பதுதான்.

இதில் ஒரு நன்மை உண்டு. நீங்கள் தேர்ந்திருக்கும் இரு தலைப்புகளும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே வினைகளையும் அடைமொழிகளையும் பகிர்ந்துகொள்கின்றன. அழியும் நிலையில் உள்ள விலங்கும் 'எண்டேஞ்சர்டு', பேசுவோர் குறைந்துவரும் மொழியும் 'எண்டேஞ்சர்டு'. ஓர் உயிரினமும் ஒரு கைத்தொழில் மரபும் 'டை அவுட்' ஆகலாம். காடு, கையெழுத்துச் சுவடி, பழங்கட்டடம் ஆகிய மூன்றையும் 'ப்ரிசர்வ்' செய்யலாம். நலிந்த ஆற்றையும் நலிந்த கலையையும் 'ரிவைவ்' செய்யலாம். யுனெஸ்கோ 1972இல் ஏற்றுக்கொண்ட உலகப் பாரம்பரிய உடன்படிக்கையே இயற்கைப் பாரம்பரியத்தையும் பண்பாட்டுப் பாரம்பரியத்தையும் ஒரே ஆவணத்தில் வைத்திருக்கிறது. அதனால் அத்துறையில் எழுதப்படும் ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் பொதுவான சொற்கள் ஏராளம். ஒரு வினையைக் கற்றதும், சுற்றுச்சூழலைப் பற்றி ஒரு வாக்கியமும் பண்பாட்டைப் பற்றி ஒரு வாக்கியமும் எழுதிவிடுங்கள். ஒரே உழைப்பில் இரண்டு தலைப்புகளிலும் உங்களுக்குப் பேச்சு கிடைக்கும்.

அடுத்து, வாக்கியம் பிழையாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ் பேசுவோருக்கு இந்தத் தலைப்புகளில் நேரும் பிழைகளில் பெரும்பகுதி ஒரே இடத்திலிருந்து பிறக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். தமிழில் தன்வினை, பிறவினை வேறுபாடு வினையிலேயே தெரிந்துவிடும்: மாசுபடு, மாசுபடுத்து, உயர், உயர்த்து, உருகு, உருக்கு, பரவு, பரப்பு. ஆங்கிலத்தில் இந்த இணைகள் ஒரே சீராக அமைவதில்லை. 'ஆறு மாசுபடுகிறது' என்பதை நினைத்துக்கொண்டு 'த ரிவர் இஸ் பொல்யூட்டிங்' என்று எழுதினால், ஆறு வேறெதையோ மாசுபடுத்துகிறது என்று பொருளாகிவிடும். ஏனெனில் 'பொல்யூட்' என்பது மாசுபடுத்து என்ற பிறவினைக்கு மட்டுமே உரியது. 'த ரிவர் இஸ் பீயிங் பொல்யூட்டட்' என்பதே சரி. 'டிஸ்ட்ராய்' என்பதும் அப்படித்தான்: காடுகள் அழிகின்றன என்பதற்கு 'ஃபாரஸ்ட்ஸ் ஆர் பீயிங் டிஸ்ட்ராய்ட்' என்று செயப்பாட்டு வினையில் சொல்ல வேண்டும். 'டிஸப்பியர்' இதற்கு நேர்மாறானது. அது தன்வினை மட்டுமே. 'ஃபாரஸ்ட்ஸ் ஆர் டிஸப்பியரிங்' சரி, 'ஃபாரஸ்ட்ஸ் வேர் டிஸப்பியர்ட்' பிழை. 'மெல்ட்', 'ஸ்ப்ரெட்', 'சேஞ்ச்', 'இன்க்ரீஸ்' ஆகியவை மாறாத வடிவில் இரண்டு வேலையையும் செய்கின்றன. 'ரைஸ்', 'ரெய்ஸ்' இணை மட்டும் நம் உயர், உயர்த்து இணையைப் போலவே அமைந்திருக்கிறது: கடல் மட்டம் தானாக உயர்வது 'ரைஸ்'; விழிப்புணர்வை நாம் உயர்த்துவது 'ரெய்ஸ் அவேர்னெஸ்'. 'எக்ஸ்டிங்க்ட்' என்பதோ வினையே அன்று, அடைமொழி. மொரிஷியஸ் தீவில் வாழ்ந்து 17ஆம் நூற்றாண்டில் அற்றுப்போன டோடோ பறவையைப் பற்றி எழுதும்போது 'த டோடோ பிகேம் எக்ஸ்டிங்க்ட்' என்று வேறொரு வினையோடு சேர்த்துத்தான் எழுத முடியும். ஆகவே ஒவ்வொரு வினையையும் குறிப்பேட்டில் எழுதும்போது, அருகிலேயே அது தானாக நிகழ்வதைக் குறிக்கிறதா, ஒருவர் நிகழ்த்துவதைக் குறிக்கிறதா, இரண்டுக்கும் பொதுவா என்று தமிழிலேயே குறித்துவையுங்கள். நம் இலக்கண அறிவு இந்த இடத்தில் நமக்குப் பெரிய துணை.

வினையோடு ஒட்டிவரும் சிறு சொல்லையும் அலட்சியப்படுத்த வேண்டாம். 2021இல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், நிலக்கரி மின்சாரத்தைப் பற்றிய வாசகத்தில் முதலில் இருந்தது 'ஃபேஸ் அவுட்'. இறுதி உடன்பாட்டில் அது 'ஃபேஸ் டவுன்' என்று மாற்றப்பட்டது. முன்னதற்குப் படிப்படியாக முற்றிலும் நிறுத்துதல் என்று பொருள், பின்னதற்குப் படிப்படியாகக் குறைத்தல் என்று பொருள். நாடுகள் அந்தச் சிறு சொல்லுக்காகக் கடைசி நேரம் வரை வாதாடின. 1987இன் மொன்றியல் ஒப்பந்தத்தைப் பற்றி எழுதும்போது, ஓசோன் படலத்தைச் சிதைக்கும் வேதிப்பொருள்களை நிறுத்துவதற்கு 'ஃபேஸ் அவுட்' என்றே எழுதுகிறார்கள். இப்படி ஒரு நிகழ்வோடு சேர்த்துக் கற்ற தொடர், தனியே மனப்பாடம் செய்த தொடரைவிட எளிதில் நினைவுக்கு வரும். தலைப்பு வழியே மொழி கற்பதன் உண்மையான பலன் இதுதான் என்பது என் கருத்து.

எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதற்கு ஆங்கிலத்தில் காரணம் தேடுவது வீண் வேலை. வழக்கை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. 'எமிஷன்ஸ்' என்பதற்கு 'கட்' அல்லது 'ரெட்யூஸ்'. 'இம்பாக்ட்' வந்தால் 'ஆன்', 'த்ரெட்' வந்தால் 'டு'. 'கான்ட்ரிப்யூட்', 'அடாப்ட்', 'லீட்' ஆகிய மூன்றும் இத்தலைப்பில் பெரும்பாலும் 'டு'வோடு வரும். எனவே தனிச்சொல்லை எழுதவே எழுதாதீர்கள். 'போஸ் எ த்ரெட் டு வைல்ட்லைஃப்' என்று முழுத் தொடராகவே எழுதுங்கள். 'பொல்யூஷன்', 'வேஸ்ட்', 'வைல்ட்லைஃப்', 'ஹெரிட்டேஜ்' போன்ற எண்ண முடியாத பெயர்களுக்கு இத்தலைப்புகளில் பன்மை விகுதி சேர்க்க வேண்டாம். கற்போருக்கான அகராதிகள் இத்தகைய சொற்களுக்கு அருகில் 'யு' என்ற எழுத்தைப் போட்டிருக்கும். அதைக் கவனித்தாலே போதும். அன்றைய வானிலையைக் குறிக்க 'கிளைமேட் நன்றாக இருக்கிறது' என்று தமிழ்ப் பேச்சில் நாம் சொல்வதை ஆங்கிலத்துக்குக் கொண்டுசெல்வதும் பிழை. ஒரு நாளுக்கு உரியது 'வெதர்'. வானிலை அறிவியலாளர்கள் வழக்கமாக 30 ஆண்டுச் சராசரியைக் கொண்டு கணிப்பது 'கிளைமேட்'.

சொற்களைத் தொகுக்கும் விதத்திலும் ஓர் எச்சரிக்கை தேவை. ஒரே பொருள்வகைச் சொற்களை வரிசையாகக் கற்பது எளிது என்று நாம் நம்புகிறோம். டிங்காம் என்ற ஆய்வாளர் 1990களில் நடத்திய சோதனைகளில் இதற்கு மாறாகத்தான் தெரியவந்தது: ஒன்றுக்கொன்று நெருங்கிய பொருளுடைய சொற்களைச் சேர்த்துக் கற்றவர்களுக்கு அவை குழம்பின, தவளை, குளம், தாவுதல், பச்சை என ஒரு காட்சியில் சேர்ந்து வரும் சொற்களைக் கற்றவர்களுக்கு எளிதாயிற்று. ஆகவே 'கன்சர்வ்', 'ப்ரிசர்வ்', 'ப்ரொடெக்ட்', 'சேஃப்கார்ட்' ஆகிய நான்கையும் ஒரே நாளில் கற்க முயல வேண்டாம். இன்று 'ப்ரிசர்வ்' மட்டும் போதும். அது கைவசமான பின்பு, வேறொரு கட்டுரையில் 'சேஃப்கார்ட்' எதிர்ப்படும்போது அதைக் கற்றுக்கொள்ளுங்கள். யுனெஸ்கோ 2003இல் ஏற்ற உடன்படிக்கை, வாய்மொழி மரபு, நிகழ்த்துகலை போன்ற தொட்டுணர முடியாத பாரம்பரியத்துக்கு அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறது. அந்தச் சூழலோடு கற்றால் குழப்பம் நேராது.

பண்பாட்டுத் தலைப்பில் தனியே ஒரு சிக்கல் உண்டு: நம் பொருள்கள் பலவற்றுக்கு ஆங்கிலத்தில் பெயரே இருக்காது. பெயர் தேடித் தயங்கி நிற்காமல், தமிழ்ப் பெயரைச் சொல்லிவிட்டு உடனே விளக்குங்கள். அதற்குச் சில வாக்கிய அமைப்புகள் போதும். 'இட் இஸ் எ கைண்ட் ஆஃப்' என்று வகையைச் சொல்லலாம். 'இட் இஸ் யூஸ்டு ஃபார்' என்று பயனைச் சொல்லலாம். 'இட் டேட்ஸ் பேக் டு' என்று காலத்தைச் சொல்லலாம். 'இட் ஹாஸ் பீன் பாஸ்ட் டவுன்' என்று தலைமுறை தலைமுறையாக வந்ததைச் சொல்லலாம். விழாவுக்கு 'ஹெல்ட்' அல்லது 'செலிப்ரேட்டட்', நோன்புக்கும் துக்க நாளுக்கும் 'அப்சர்வ்ட்'. நோன்புக்கோ துக்க நாளுக்கோ 'செலிப்ரேட்' என்று சொன்னால் கேட்பவர் திடுக்கிடுவார்.

இனி அன்றாடப் பயிற்சி. இரண்டு வாரங்களுக்கு ஒரே குறுகிய தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழல் என்பது மிக விரிவானது, 'கடலில் சேரும் பிளாஸ்டிக்' என்பது சரியான அளவு. அதைப் பற்றி மட்டும் வெவ்வேறு இடங்களிலிருந்து எளிய கட்டுரைகளைப் படியுங்கள். எளிய ஆங்கில விக்கிப்பீடியா தொடக்கத்துக்குப் பொருத்தமானது. மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் இத்தகைய குறுகிய வாசிப்பை 1981 முதலே வலியுறுத்திவந்தார். ஒரே பொருளைப் பற்றிப் படிக்கும்போது அதே தொடர்கள் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுவதால், தனியாகத் திருப்பிப் பார்க்கும் வேலை பாதி குறைந்துவிடும். ஒவ்வொரு கட்டுரையிலிருந்தும் ஐந்தாறு தொடர்களுக்கு மேல் எடுக்க வேண்டாம். படித்து முடித்ததும் பக்கத்தை மூடி, அந்தத் தொடர்களைக் கொண்டு செய்தியை வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலில் 4 நிமிடம், பிறகு அதே செய்தியை 3 நிமிடத்தில், பிறகு 2 நிமிடத்தில் சொல்வது ஆசிரியர்கள் பலர் பயன்படுத்தும் பயிற்சி. உள்ளடக்கம் மாறாததால் மூன்றாம் முறை மனம் மொழியில் மட்டும் நிற்கும். தயக்கம் குறைவதை நீங்களே உணர்வீர்கள். மறுநாளும், சில நாள் கழித்தும், வார இறுதியிலும் கட்டுரையைப் பார்க்காமல் அதே தொடர்களை நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். வராதவற்றை மட்டும் திரும்பப் பார்த்தால் போதும்.

'டிப் ஆஃப் த ஐஸ்பர்க்', 'எ டிராப் இன் தி ஓஷன்' போன்ற மரபுத்தொடர்களைப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்துவையுங்கள். தேர்வுக் கட்டுரையில் அவற்றை வலிந்து திணிக்க வேண்டாம். எழுதியதைச் சரிபார்க்கும்போது ஒவ்வொரு வினையையும் கற்போர் அகராதியில் தேடி, அங்குள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு உங்கள் வாக்கியத்தை ஒப்பிடுங்கள். ஒரு தலைப்பைப் பற்றிக் குறிப்பு எதுவும் இல்லாமல் 2 நிமிடம் தடையின்றிப் பேச முடிந்ததும் அடுத்த தலைப்புக்குச் செல்லலாம். அந்த அடுத்த தலைப்பைப் பண்பாட்டிலிருந்து எடுங்கள். முன்பு கற்ற வினைகளில் எத்தனை அங்கேயும் பொருந்துகின்றன என்று பார்த்து எழுதுவதே அதற்கு முதல் பயிற்சியாக இருக்கட்டும்.