கண்மாயின் நீர்விளிம்பு

அன்புள்ள ஐயா,

பரமக்குடிக்கு அருகில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ கலைப்பிரிவு படிக்கிறேன். புவியியலை இதுவரை மனப்பாடம் செய்தே மதிப்பெண் வாங்கி வருகிறேன். செய்முறைப் பதிவேட்டில் சமவுயரக் கோடுகளை அழகாக வரைந்திருக்கிறேன். ஆனால் அவை எதைக் காட்டுகின்றன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எங்கள் பகுதியின் வரைபடத்தில் அந்தக் கோடுகள் அநேகமாக இல்லவே இல்லை. மலையே இல்லாத ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்து என்ன பயன் என்று வீட்டிலும் கேட்கிறார்கள்.

க.

அன்புள்ள க.,

தெரியாததைத் தெரியாது என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்களோடு பாடத்தைப் பற்றியே பேச முடிகிறது.

நான் பிளஸ் டூ படித்தபோது எங்கள் புவியியல் ஆசிரியர் ஓர் அலுமினியப் பேசினில் கரடுமுரடான கருங்கல் ஒன்றை வைத்தார். விரற்கடை அளவு தண்ணீர் ஊற்றி, அது கல்லைத் தொடும் விளிம்பிலேயே மெழுகுக் குச்சியால் சுற்றிக் கோடு இழுக்கச் சொன்னார். மறுபடி ஒரு விரற்கடை, மறுபடி ஒரு கோடு. கல் முழுகியதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு நேர் மேலிருந்து பார்க்க வைத்தார். செங்குத்தான பக்கத்தில் கோடுகள் நெருங்கியும், சாய்வான பக்கத்தில் விலகியும் கிடந்தன. ஒரே உயரத்தில் உள்ள இடங்களைச் சேர்க்கும் அந்தக் கோடுகள்தாம் சமவுயரக் கோடுகள். அதற்குப் பிறகு எனக்கு அந்தப் பாடத்தில் மனப்பாடம் செய்ய எதுவும் இருக்கவில்லை.

இனி உங்கள் ஊருக்கு வருவோம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத்திட்டப் படத்தில் 2 செ.மீ. என்பது நிலத்தில் 1 கி.மீ.; பொதுவாக 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு சமவுயரக் கோடு வரைவார்கள். பரமக்குடியிலிருந்து கடல் வரை நிலம் மிக மெதுவாகத்தான் இறங்குகிறது என்பதால், அங்கே அந்தக் கோடுகளுக்கு அதிக இடமில்லை. ஆனால் அதே படத்தில் எங்கு பார்த்தாலும் கண்மாய்கள் இருக்கும். அவற்றின் கரைகளைக் கவனியுங்கள். தாழ்ந்த பக்கத்தை மட்டும் அடைத்து, மேட்டுப் பக்கத்தை நீர்வரத்துக்குத் திறந்துவிட்டு, இரு நுனிகளையும் மேட்டை நோக்கி வளைத்திருப்பார்கள். கரை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் சரிவு. நிறைந்த கண்மாயின் நீர்விளிம்பு முழுவதும் ஒரே உயரத்தில் இருப்பதால், அதுவே ஒரு சமவுயரக் கோடு. எங்கள் ஆசிரியர் பேசினில் காட்டியதை உங்கள் ஊர் ஒவ்வோர் ஐப்பசி, கார்த்திகையிலும் காட்டுகிறது.

அந்த மாதங்களில் ஏன் என்ற கேள்விக்கு விடை கேட்டால், நீங்கள் இல்லை என்று சொன்ன மலைக்கே போக வேண்டியிருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போதே தன் ஈரத்தில் பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறது. உங்கள் பக்கம் இறங்கும்போது வறண்டுதான் இறங்குகிறது. உங்கள் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருப்பது இதனால்தான். மேற்கே அரபிக்கடலுக்கு ஓடும் பெரியாற்றை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்குத் திருப்பும் பணி 1895-இல் முடிந்ததற்கும் இதே மழைமறைவுதான் காரணம். பருவக்காற்று, மலை, அணை, கண்மாய் ஆகியவற்றைப் புத்தகம் தனித்தனிப் பாடங்களாக வைத்திருக்கலாம். உங்கள் ஊர் வயலில் பாயும் தண்ணீருக்கு அவை ஒரே பாடம்.

வேலையைப் பற்றி வீட்டில் கேட்டால், அரசுப் போட்டித் தேர்வுகளில் புவியியல் இடம்பெறுவதையும், நில வரைபடங்களைக் கணினியில் கையாளும் பணிகள் இருப்பதையும் சொல்லுங்கள்.

அரையாண்டு விடுமுறையில் உங்கள் கண்மாய்க் கலுங்குக்குப் போய், அங்கே வழியும் நீர் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகிறது, அதற்கடுத்து எங்கே போகிறது என்று வயதில் மூத்த விவசாயி ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் வரிசையைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் அம்புக்குறியோடு வரைந்து, ஒரு படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.