கையை எடுத்த பையன்

கேள்வி: புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு பாடசாலையில் உடற்கல்வி படிப்பிக்கிறேன். தரம் 8 பிள்ளைகள் ஒருவரையொருவர் நம்பிப் பழகட்டும் என்று, ஒருவர் பின்னால் சாய மற்றவர் தாங்கும் பயிற்சியைக் கொடுத்தேன். ஒருவன் பகிடிக்குக் கையை எடுத்துவிட்டான். விழுந்தவனுக்குக் காயமில்லை. ஆனால் இப்போது மைதானத்துக்கே வரமாட்டேன் என்கிறான். அடுத்ததாகக் கண்ணைக் கட்டி வழிநடத்தும் விளையாட்டு வைத்திருந்தேன். விட்டுவிடவா?
- ஓர் ஆசிரியை, முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: விட வேண்டாம் ரீச்சர், வரிசையை மாற்றுங்கள். சாய்ந்து விழுவதைக் கடைசியாக வைக்க வேண்டும்.

முதலில், பிழைத்தாலும் சிரித்துவிட்டு எழும்பக்கூடிய விளையாட்டுகள். இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி நிலத்தில் இருந்து, கைகளைக் கோத்துக்கொண்டு ஒன்றாக எழும்பட்டும். ஒருவன் அவசரப்பட்டால் இருவரும் திரும்ப இருந்துவிடுவார்கள். இரண்டு தரம் சறுக்கியதும் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று அவர்களே எண்ணத் தொடங்குவார்கள், நீங்கள் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை. அப்புறம் பந்து எறிதல்: எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதைப் பிடிப்பவர் தீர்மானிக்கட்டும்.

"சோடி சேருங்கோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு பிள்ளைகள்தான் மிஞ்சி நிற்பார்கள். உயரம் பார்த்து நீங்களே சேர்த்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கண்ணைக் கட்டுவதை நான் செய்யவே மாட்டேன். இவர்கள் 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள்தான், சரி. ஆனாலும் கண்ணைக் கட்டிக் கொண்டுபோன கதை வன்னியில் எந்த வீட்டில் இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிள்ளை தானாகக் கண்ணை மூடட்டும், பயந்தால் திறக்கட்டும். திறந்தால் தோல்வி இல்லை என்று முதலே சொல்லிவிடுங்கள். மூடியவருக்கும் கதைக்க இடம் வேண்டும்: "மெல்ல", "நில்", "இன்னொருக்கா சொல்லு". "நில்" என்ற உடனே வழிகாட்டுபவர் நிற்க வேண்டும். இந்த விளையாட்டில் நான் கண்டிப்பாக இருப்பது இந்த ஒன்றில்தான்.

சாய்வதற்கு வரும்போது, தாங்குபவர் ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் வைத்து, முழங்காலைச் சற்று மடித்து, உள்ளங்கைகளைச் சாய்பவரின் தோள்பட்டைக்கு ஒரு சாண் பின்னால் வைத்திருக்கட்டும். முதல் நாள் அந்த ஒரு சாண் போதும். "பிடிக்கிறியா?" என்று கேட்டு, "ஓம், சாய்" என்று பதில் வராமல் யாரும் சாயக்கூடாது.

கையை எடுத்த பையனை வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். தனியே கூப்பிட்டுக் கதையுங்கள். பெரும்பாலும் அவனுக்கே உள்ளுக்குள் வெட்கமாக இருக்கும். விழுந்தவனிடம் முதலில் விசிலையும் நிறுத்தற் கடிகாரத்தையும் கொடுத்து மைதானத்துக்குக் கூட்டி வாருங்கள். விளையாட இறங்கும் நாளில் சோடியை அவனே தெரிவு செய்யட்டும். அந்த இரண்டு பேரையும் இந்தத் தவணையில் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம்.

ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் கைபிடிப்பதை வீட்டில் விரும்பாவிட்டால், ஸ்கிப்பிங் கயிற்றின் இரு நுனியைப் பிடிக்கச் சொல்லுங்கள். விளையாட்டு கெடாது.