பதினெட்டைப் பூட்டி வைக்க வேண்டுமா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பெரிய குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஒருவர் அணிந்த சட்டை எண்ணை அவரோடு நிறுத்திவிடுவதுதானே மரியாதை? மிசிசிப்பி பல்கலைக்கழகம் ஆர்ச்சி மானிங்கின் 18ஐ வேறு யாருக்கும் தருவதில்லை. லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யு.வோ, தன் குவாட்டர்பேக் மாட் மாக் அணிந்த 18ஐக் கண்டவருக்கெல்லாம், கடைசியில் முன்வரிசையில் நின்று தடுக்கும் ஒரு லைன்மேனுக்குக்கூடக் கொடுத்துவிட்டது. இது அவருக்கு அவமரியாதை இல்லையா? (வாசகர், மதுரை)

பதில்: இல்லை. ‘கண்டவருக்கெல்லாம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு வருத்தம்.

ஆர்ச்சிக்குச் செய்ததில் தவறில்லை. 1969இல் அலபாமாவுக்கு எதிரான ஓர் இரவு ஆட்டத்தில் அவர் எறிந்தது 436 கஜம், தானே ஓடியது 104 கஜம். அத்தனைக்குப் பிறகும் 33-32 என்று அவர் அணி தோற்றது. அந்த ஊர் இன்றும் அவரை மறக்கவில்லை. பல்கலைக்கழக வளாகத்தில் வண்டிகளுக்கான வேக வரம்பே மணிக்கு 18 மைல்தான். மறுக்க எதுவும் இல்லை.

ஆனால் அதே 18 மானிங் வீட்டுக்குள் என்ன ஆனது என்று பாருங்கள். மூத்த மகன் கூப்பர், நியூ ஆர்லியன்ஸில் பள்ளி அணிக்கு அப்பாவின் எண்ணோடு ஆடினார். 1992இல் அவருக்கு முதுகுத்தண்டில் கோளாறு இருப்பது தெரிந்தது. ஆட்டம் அதோடு முடிந்தது. பள்ளியின் கடைசி ஆண்டில் தம்பி பேட்டன் அண்ணனின் 18ஐ மாட்டிக்கொண்டு இறங்கினார். மரியாதை என்றால் இதைவிட என்ன வேண்டும்? அந்தச் சட்டையை அலமாரியில் மடித்து வைத்திருந்தால் கூப்பருக்கு என்ன கிடைத்திருக்கும்?

பேட்டன் டென்னசி பல்கலைக்கழக அணியில் 16 அணிந்தார். தொழில்முறை ஆட்டத்துக்குப் போனதும் மறுபடி 18. 2012இல் அவர் டென்வர் அணிக்கு வந்தபோது, அங்கே 18 ஏற்கெனவே ஃபிராங்க் டிரிபுக்காவுக்காக நிறுத்தப்பட்டிருந்தது. டிரிபுக்காவும் நோட்ர டேம் கல்லூரியிலிருந்து வந்த குவாட்டர்பேக்தான். எண்ணுக்கு உரிய அந்தப் பெரியவரே ‘போட்டுக்கொள்ளட்டும்’ என்று மனதாரச் சொல்லிவிட்டார். அதனால் அவர் பெயர் சிறுத்துவிட்டதா? பேட்டனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இன்று அவரையும் சேர்த்தல்லவா பேசுகிறோம்!

சரி, உங்கள் மாட் மாக்குக்கு வருவோம். கல்லூரிக்கு வருமுன் சில ஆண்டுகள் பேஸ்பால் ஆடிவிட்டு, மற்ற மாணவர்களைவிட வயது கூடித்தான் எல்.எஸ்.யு.வில் சேர்ந்தார். 2001இல், எல்.எஸ்.யு. சேர்ந்திருந்த கல்லூரிக் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் முதல் குவாட்டர்பேக் அடிபட்டு வெளியேற, மாற்று ஆளாக உள்ளே போய் டென்னசியை வீழ்த்தினார். 2003 பருவத்தில் தேசியப் பட்டம். அப்புறம் பல் மருத்துவராகிவிட்டார். அவர் விட்டுப்போன 18 அடுத்து ஜேக்கப் ஹெஸ்டருக்குப் போனது. ஹெஸ்டர் குவாட்டர்பேக் அல்ல, பந்தோடு ஓடுபவர். 2007இல் ஃபுளோரிடாவுக்கு எதிராக, ஆட்டம் முடிய ஒரு நிமிடமும் சில நொடிகளும் இருக்கையில், கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டி வெற்றியைத் தந்தவர் அவர்தான். அந்தப் பருவமும் பட்டம். அதன் பிறகுதான், தனக்கென்று எதுவும் பாராமல் அணிக்காக உழைப்பவருக்கு 18 என்பது அங்கே வழக்கமானது. ஆக, அதைக் கண்டவருக்குக் கொடுப்பதில்லை, தேடிப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

இன்னொன்று, கல்லூரி அணிகளில் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். எண்கள் போதாமல் இரண்டு பேர் ஒரே எண்ணை அணிவதும் உண்டு, இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒவ்வொரு நாயகனுக்கும் ஓர் எண்ணைப் பூட்டிக்கொண்டே போனால் வருகிற பையன்களுக்கு என்ன மிஞ்சும்?

இனி அந்த லைன்மேன். அவர் பெயர் லாயிட் குஷன்பெரி, 2019 அணியின் சென்டர். முன்வரிசையில் தடுப்பவர்கள் 50 முதல் 79 வரையிலான எண்களைத்தான் அணிய வேண்டும் என்பது விதி. 18 அவருக்குக் கிடைத்தும் போட முடியாது. அதனால் 79ஆம் எண் சட்டையிலேயே 18 என்று ஒரு சிறு ஒட்டு தைத்துக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு எல்.எஸ்.யு. 15 ஆட்டத்திலும் வென்றது. குவாட்டர்பேக் ஜோ பர்ரோ 9 அணிந்து, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹெய்ஸ்மன் விருதை வாங்கினார். ஒவ்வொரு முறையும் குனிந்து நின்று, கால்களுக்கு நடுவே பர்ரோவின் கைக்குப் பந்தை அனுப்பியவர் அந்த ஒட்டுச் சட்டைக்காரர்தான்.