பிப் திருடிய பன்றிக்கறிப் பை (pie): கேள்வி – பதில்

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலம் முதலாண்டு. டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' பாடத்தில் இருக்கிறது. முதல் ஐந்து அத்தியாயங்களைப் படித்துவிட்டேன், கதை புரிகிறது. ஆனால் பரீட்சையில் எழுதும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்றுதான் பிடிபடவில்லை.

பதில்: கைடை மூடி வைத்துவிட்டு, சாப்பாட்டைப் பின்தொடர்ந்து போங்கள். தப்பி வந்த கைதி, கல்லறைத் தோட்டத்தில் கதையின் நாயகனான சிறுவன் பிப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்குகிறான், சட்டைப்பையிலிருந்து விழுவது ஒரு ரொட்டித் துண்டுதான். பிறகு அரமும் தின்ன ஏதாவதும் கொண்டு வா என்று மிரட்டுகிறான். பையன் தன் பங்கு ரொட்டியைக் கால்சட்டைக்குள் ஒளிக்க, அவன் மெல்லாமல் விழுங்கிவிட்டதாக நினைத்து அக்கா மருந்தென்று தார் கரைத்த நீரைப் புகட்டுகிறாள். மறுநாள் விடியலில் அக்கா வீட்டிலிருந்து பிராந்தி, பன்றிக்கறிப் பை (மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட பண்டம்) எல்லாம் திருட்டுப்போகின்றன. மூன்றாம் அத்தியாயத்தில் கைதி நாய் மாதிரி அவசரமாகத் தின்கிறான். அவனிடம் பிப், உங்களுக்குப் பிடித்திருப்பதில் சந்தோஷம் என்கிறான்! பயத்தில் திருடியவன் விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசுகிறான் பாருங்கள், அந்த இடத்தைக் கோடு போட்டு வையுங்கள்.

ஐந்தாம் அத்தியாயத்தில் பிடிபட்ட கைதி, கொல்லன் வீட்டில் தின்பண்டம் எடுத்தது நானே என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். அப்போது அந்தக் கொல்லன், அதாவது பிப்பின் அக்கா புருஷன் ஜோ, நீ என்ன செய்தாயோ தெரியாது, அதற்காக உன்னைப் பட்டினியில் சாகவிடுவோமா என்கிற பொருளில் சொல்கிறார் இல்லையா, நாவல் முழுக்க 'ஜென்டில்மேன் யார்' என்று அலைகிற பிப்புக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. அவனுக்குத்தான் அது பல வருஷம் கழித்து உறைக்கிறது. கட்டுரைக்கு இதை மையமாக வைத்தால் போதும்.

கேள்வி: கதையைச் சொல்வது சிறுவன் பிப்பா, வளர்ந்த பிப்பா? குழம்புகிறது.

பதில்: வளர்ந்து பெரியவனான பிப்தான், ஆனால் சிறுவனின் கண்ணை இரவல் வாங்கிக்கொள்கிறான். கல்லறையில் செதுக்கிய எழுத்தின் வடிவத்தை வைத்தே செத்துப்போன தன் அப்பா கட்டையாக, சுருட்டை முடியோடு இருந்திருப்பார் என்று ஊகிப்பது சிறுவன். அதைச் சொல்லிச் சிரிப்பது பெரியவன். பக்கத்திலேயே ஒன்றரை அடி நீளத்தில் ஐந்து கற்கள், ஐந்து தம்பி அண்ணன்கள். சிரித்துக்கொண்டே படிக்கும்போது இது சுருக்கென்று தைக்கும். கென்ட் பகுதியில் கூலிங் என்ற கிராமத்துத் தேவாலயத்தில் இப்படிக் குழந்தைக் கல்லறைகள் 13 இருக்கின்றன. டிக்கன்ஸ் ஐந்தாகக் குறைத்துக்கொண்டார், 13 என்று எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

கேள்வி: அத்தியாயங்கள் ஏன் சினிமா இடைவேளை மாதிரி முடிகின்றன?

பதில்: வாரத் தொடர் ஆயிற்றே. 1860 டிசம்பர் 1 முதல் டிக்கன்ஸின் சொந்தப் பத்திரிகையில் வந்தது. திருட்டு அம்பலமாகப் போகிறதென்று வாசலுக்கு ஓடும் பிப், கைவிலங்கை நீட்டும் சிப்பாய்கள் மேல் மோதி நிற்பதோடு நான்காம் அத்தியாயம் முடியும். விலங்கு அவனுக்கில்லை, பூட்டு கெட்டுப்போய் ஜோவிடம் சரிபார்க்க வந்தது!