ஃபியூஸ் கம்பியைத் தடிமனாக்காதீர்கள்: பழைய வீட்டு வயரிங் கேள்வி-பதில்

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் தாத்தா கட்டிய வீடு. வயரிங் 1960களில் போட்டது. போன மாதம் ஒன்றரை டன் ஏ.சி. மாட்டினோம். ஃபியூஸ் அடிக்கடி போனது. எலெக்ட்ரீஷியன் வந்து கொஞ்சம் தடித்த கம்பியாகக் கட்டிவிட்டார். அதன்பிறகு போகவில்லை. இனிக் கவலையில்லைதானே?

இனிமேல்தான் கவலை. ஃபியூஸ் கம்பி மெல்லியதாக இருப்பதே, சுமை கூடும்போது முதலில் அது உருக வேண்டும் என்பதற்காக. அதைத் தடிமனாக்கிவிட்டால், அடுத்துச் சூடேறுவது சுவரோரம் மர ரீப்பரில் ஓடும் உங்கள் பழைய வயர்தான்.

அந்தக் காலத்து விளக்கு, விசிறி லைன்களில் 3/22 வயர் பரவலாக ஓடியது. 22 கேஜ் கம்பி மூன்று இழை, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1.2 சதுர மில்லிமீட்டர். நாலு குண்டு பல்புக்கும் இரண்டு விசிறிக்கும் அது தாராளம். ஒன்றரை டன் ஏ.சி. ஏழெட்டு ஆம்பியரை மணிக்கணக்கில் இழுக்கும். அதே லைனில் கிரைண்டரும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

கம்பியைவிட எனக்குப் பயம் அதன் மேலுறைதான். மெயினை அணைத்துவிட்டு, ஒரு சுவிட்ச் போர்டைக் கழற்றி, வயர் நுனியை லேசாக வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் உறை அப்பளம்போல் நொறுங்கி விழுந்தால் அதற்கு ஆயுள் முடிந்துவிட்டது; டேப் சுற்றி ஓட்டுகிற வேலை உதவாது. பின்னாளில் சேர்த்த அறைகளில் கம்பி வெள்ளியாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். அது பெரும்பாலும் அலுமினியம். திருகின் அடியில் நாளாவட்டத்தில் நசுங்கித் தளர்ந்து, அந்த இடத்தில் கருகும். செம்புக் கம்பியோடு முறுக்கி இணைத்திருந்தால் இன்னும் சீக்கிரம்.

மீட்டர் பலகையில் இரண்டு பீங்கான் ஃபியூஸ் இருந்தால் ஒன்று நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) இருக்கக்கூடும். அதை எடுத்துவிட்டு நேரடி இணைப்பு கொடுக்க வேண்டும். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும், ஃபேஸ் (கரண்ட் வரும் கம்பி) உயிரோடு இருக்கும். ‘கரண்ட் இல்லை’ என்று நம்பிக் கை வைப்பவரைத்தான் அது பிடிக்கும்.

ஏ.சி.க்கு மெயின் போர்டிலிருந்தே தனி லைன் இழுங்கள்: 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், அதற்கென்று 20 ஆம்பியர் எம்.சி.பி. (சுமை கூடினால் தானே அணையும் சுவிட்ச்), கூடவே எர்த் (கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் கம்பி). அதுவரை ஏ.சி. ஓட வேண்டாம். வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: முழு வீட்டுக்கும் புது வயரிங் போடப் போகிறோம். நல்ல எலெக்ட்ரீஷியனை எப்படி அடையாளம் காண்பது? இரண்டு பேர் ‘பாயிண்டுக்கு இவ்வளவு’ என்று விலை சொல்லியிருக்கிறார்கள். (கும்பகோணம் வாசகி)

வீட்டைச் சுற்றிப் பார்க்காமலே பாயிண்ட் கணக்குச் சொல்பவரை முதலில் கழித்துவிடுங்கள். என்னென்ன சாதனம் ஓடுகிறது, மோட்டார் எத்தனை குதிரைத்திறன், எர்த் குழி எங்கே என்று அவர் உங்களைக் கேட்க வேண்டும். டெஸ்டர் ஸ்குரூடிரைவர் மட்டும் சட்டைப்பையில் இருந்தால் போதாது. வயரின் காப்புத்திறனை அளக்கும் மெக்கர் அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். 500 வோல்ட்டில் சோதிக்கும்போது ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனில் எங்கோ கசிவு இருக்கிறது. ஊகத்தில் ‘எல்லாவற்றையும் மாற்றணும்’ என்பவருக்கும், அளந்துவிட்டு ‘இந்த இரண்டு லைனும் போய்விட்டது’ என்பவருக்கும் உங்கள் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு.

பல்பு, விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு விலக்கு உண்டு. புது வயரிங் அப்படியல்ல; உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலம், தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டியது. தமிழ்நாட்டில் இவற்றை வழங்குவது மின் உரிமம் வழங்கும் வாரியம். சான்றைக் காட்டுங்கள் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். கோபித்துக்கொண்டு போனால் போகட்டும்.

வயரின் அளவு, பிராண்டு, யார் வாங்குவது என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 90 மீட்டர் சுருளாக, பிரிக்காமல் வீட்டுக்கு வரட்டும். சுவரில் காடி வெட்டிப் பைப் பதித்ததும், பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து அலமாரிக்கு ஆணி அடிக்கும் நாளில் அந்தப் படத்தைத் தேடுவீர்கள்.

கேள்வி: சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மினுக்கென்று எரிகிறது. பேய் வீடா?

பெரும்பாலும் சுவிட்ச் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலில் கொடுக்கப்பட்டிருக்கும். அப்படியானால் அணைத்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் இருக்கும், பல்பு மாற்றும்போது ஷாக் அடிக்கும். அரை மணி நேர வேலை, உடனே மாற்றுங்கள். சிவப்பு இண்டிகேட்டர் உள்ள சுவிட்சாலும் இப்படி எரியலாம், அதில் ஆபத்தில்லை.

கேள்வி: ஃபிரிட்ஜைத் தொட்டால் சுருக்கென்கிறது. வந்தவர் பிளக் பாயிண்டுக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டார். இப்போது ஷாக் இல்லை.

அந்தத் துண்டு வயரை இன்றே எடுக்கச் சொல்லுங்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஃபிரிட்ஜின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும், அதன் காரணம் இந்தத் துண்டுதான். எர்த் என்பது குழியிலிருந்து தனிக் கம்பியாக வர வேண்டும். பல வீடுகளில் குழி மேல் சிமெண்ட் பூசித் தொட்டிச் செடி வைத்துவிட்டார்கள். அதைத் திறந்து, குழாயில் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டு, மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: எம்.சி.பி. இருக்கும்போது ஆர்.சி.சி.பி. வேறு எதற்கு?

எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும். ஆர்.சி.சி.பி. ஆளைக் காப்பாற்றும்.

கேள்வி: இரவு பதினொரு மணிக்குத் திடீரென்று விளக்குகள் கண்ணைக் கூசும்படி எரிந்தன, விசிறி பேய்போல் சுற்றியது. எலெக்ட்ரீஷியன் போனை எடுக்கவில்லை. என்ன செய்திருக்க வேண்டும்?

மெயினை அணைப்பது, அவ்வளவுதான். வெளியே நியூட்ரல் விட்டுப்போனால் சில வீடுகளுக்கு 400 வோல்ட் வரைகூட வரும். பக்கத்து வீட்டிலும் இதே கதை என்றால் கோளாறு தெருவில் இருக்கிறது. அது எலெக்ட்ரீஷியன் வேலையே இல்லை. மீட்டர் வரைக்கும் மின்வாரியத்தின் பொறுப்பு. அவர்களின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, எந்த நேரமும் கூப்பிடலாம். கம்பத்தில் ஏறத் தெரிந்த பையன் யாராவது முன்வந்தால் அனுப்பாதீர்கள்.

கேள்வி: வீட்டில் ஒருவரைக் கரண்ட் பிடித்துவிட்டால்?

தொடாதீர்கள். மெயினை அணையுங்கள். அதற்கு வழியில்லை என்றால் காய்ந்த மரப்பலகை மேல் நின்றுகொண்டு, காய்ந்த கட்டையால் வயரைத் தள்ளுங்கள். மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைத்துவிட்டு, நடு நெஞ்சில் இரு கைகளையும் வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்துங்கள். பிழைத்து எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். போர்டில் தீ என்றால் தண்ணீர் கூடாது.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் மெயினை அணைத்துவிட்டு, தைரியமாக ஹால் போர்டைத் திறந்து கையை விட்டேன். ஏணியிலிருந்து தரையில் விழுந்தபிறகுதான் பரணுக்கு அடியில் இன்வெர்ட்டர் உறுமிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. வீட்டுக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இடது ஆள்காட்டி விரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அதை அணைக்கும் சுவிட்ச் எது என்று மெயின் போர்டின் மேல் ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள்.