வெளிநாட்டு வேலையும் காப்பியடிக்கும் கம்பெனிகளும்: டெல்டாக்காரர்கள் கேட்டவை

தஞ்சாவூரில் காப்புரிமை (பேட்டன்ட்), டிரேட்மார்க் பதிவு வேலை பார்க்கிறவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கும்பகோணம்: சார், மகன் சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். எல்லாம் அமெரிக்க கஸ்டமர்தான். வெளிநாட்டுக்கு வேலை கொடுத்தால் 25 சதவீதம் வரி என்கிறார்களே?

அது 2025 செப்டம்பரில் அமெரிக்க மேல்சபையான செனட்டில் வந்த மசோதா அம்மா. இரண்டு சபையும் நிறைவேற்றி அதிபர் கையெழுத்துப் போட்டால்தான் சட்டம். நான் கவனிக்கச் சொல்வது, சத்தமில்லாமல் ஏற்கெனவே சட்டமாகிவிட்ட வேறொன்றை. அமெரிக்கக் கம்பெனி புது சாஃப்ட்வேர் உருவாக்கச் செய்யும் செலவை முன்பெல்லாம் அந்த வருடமே வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம். 2022 முதல் உள்நாட்டில் செய்தால் 5 வருடம், வெளிநாட்டில் செய்தால் 15 வருடமாகப் பிரித்துத்தான் கழிக்க வேண்டும் என்று ஆனது. 2025 ஜூலையில் உள்நாட்டுச் செலவுக்குப் பழைய சலுகை திரும்பி வந்தது. வெளிநாட்டுக்கு அதே 15 வருடம். அதனால் அங்கேயே செய்துகொள்வது வரியில் அவர்களுக்கு லாபம். மகன் பார்ப்பது புது சாஃப்ட்வேரா, பராமரிப்பு வேலையா என்று கேளுங்கள். பராமரிப்பு, கால் சென்டர் வேலைகளை இது அவ்வளவாகத் தொடாது.

மன்னார்குடி: அமெரிக்க வேலை விசாவான எச்1பிக்கு 2025இல் கட்டணம் ஒரு லட்சம் டாலர் ஆனதால் இங்கே வேலை குறையுமா?

ஆளை அங்கே அழைப்பது கடினமானால் வேலையை இங்கே அனுப்பத்தான் ஆசை வரும். தடுக்க நினைத்ததையே அது தூண்டிவிடலாம் என்பது என் கணிப்பு.

சுவாமிமலை: அச்சில் வார்த்த சிலைகளை வெளிநாட்டில் நம் ஊர்ப் பெயரில் விற்கிறார்கள். புவிசார் குறியீடு இருந்தும் ஏன் பிடிக்க முடியவில்லை?

நம் பதிவு இந்தியாவுக்குள்தான் செல்லும். வேறு நாட்டில் தடுக்க அந்த நாட்டுச் சட்டப்படிதான் போக வேண்டும். உலக வர்த்தக ஒப்பந்தத்தில் கூடுதல் பாதுகாப்பு ஒயினுக்கும், விஸ்கி போன்ற வடித்த மதுவுக்கும் மட்டும்! ஐரோப்பியர்கள் தங்கள் பாட்டிலுக்கு வாங்கிக்கொண்டது நம் வெண்கலத்துக்குக் கிடைக்கவில்லை. இன்னொன்று: பாதுகாப்பு சுவாமிமலை என்ற பெயருக்குத்தான், நடராஜர் உருவத்துக்கு இல்லை. போலிச் சரக்கு இங்கே இறக்குமதியானால், 2007 விதிகளின்படி சுங்கத்துறையில் உரிமையைப் பதிந்துவைத்து மறிக்கச் சொல்லலாம்.

திருவாரூர்: அண்ணே, நெல் விதைக்கும் கருவி ஒன்று செய்திருக்கிறேன். சீனாவில் கொடுத்துச் செய்தால் மலிவு. வரைபடத்தை அனுப்பலாமா?

பொறு தம்பி. முதலில் வீடியோ எதுவும் போட்டுவிடாதே. ஊர் பார்த்த வடிவத்தைப் புதியது என்று பதிய முடியாது. நிறையப் பேர் ரீல்ஸ் போட்டுவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். வடிவத்தை இங்கே விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் சீனாவிலும் இங்கே விண்ணப்பித்த தேதியையே கணக்காகக் காட்டி விண்ணப்பிக்கலாம். வேலை செய்யும் முறையே புதிது என்றால் காப்புரிமை. அதற்கு இந்த அவகாசம் 12 மாதம். பெயரை அங்கே உடனே பதிந்துவிடு. சீனாவில் டிரேட்மார்க் முதலில் விண்ணப்பித்தவனுக்குத்தான். உன் பெயரை உன் ஃபேக்டரிக்காரனே பதிந்துவிட்டால் உன் சரக்கையே அங்கே துறைமுகத்தில் நிறுத்த முடியும்.

ஒப்பந்தம் சீன மொழியில், சீன நீதிமன்றத்தைக் குறிப்பிட்டு, மீறினால் இவ்வளவு பணம் என்று தொகை போட்டு இருக்கட்டும். நம் ஊர் முத்திரைத்தாளை அங்கே யாரும் மதிக்கமாட்டார்கள். முக்கியமான ஒரு பாகத்தையாவது திருவாரூரிலேயே செய்து இங்கேயே பொருத்து. வழக்கைவிட அது செலவு குறைவு.

பாபநாசம்: அமெரிக்கா அடுத்தவனைத் திருடன் என்கிறதே, மஞ்சளுக்குக் காப்புரிமை கொடுத்தது யார்?

அவர்கள்தான், 1995இல். காயம் ஆற மஞ்சள் போடுவதற்கு! நம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களைக் காட்டி 1997இல் ரத்து செய்யவைத்தது. பாட்டி சொன்னாள் என்றால் எடுபடாது, அச்சில் இருந்ததால் எடுபட்டது. உங்கள் வீட்டு வைத்தியச் சுவடி எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.